சோர்வு நோயோடு வாழும் பிரபலங்களும் நம்ம மாவட்டத்து வீடுகளும்

1999 ஜூலை 10, கலிஃபோர்னியாவின் பாசடீனா. ரோஸ் பவுல் மைதானத்தில் 90 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கூட்டம். பெண்கள் உலகக் கோப்பைக் கால்பந்து இறுதிப் போட்டியில் அமெரிக்காவும் சீனாவும் கோல் இல்லாமல் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. 90 நிமிடம் முடியும் தறுவாயில் அமெரிக்காவின் மிஷெல் ஏக்கர்ஸ், தன் அணிக் கோல்கீப்பரின் கை தலையில் பட்டு விழுந்தார். எழ முடியவில்லை. உள்ளே தூக்கிப்போய் நரம்பில் திரவம் ஏற்றினார்கள். அவர் இல்லாமலே கூடுதல் நேரமும் பெனால்டியும் நடந்து, 5-4 என்று அமெரிக்கா வென்றது.

ஏக்கர்ஸுக்கு எம்.இ./சி.எஃப்.எஸ். எனப்படும் நாள்பட்ட சோர்வு நோய் இருப்பது 1994-லேயே உறுதியாகியிருந்தது. இந்தக் கதை தமிழில் வாட்ஸ்அப்பில் சுற்றும்போது "பாத்தியா, மனசு வச்சா எதுவும் முடியும்" என்ற வரியோடு சுற்றுகிறது. அது போய்ச் சேரும் இடம், நம்ம தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பாலக்கோட்டிலோ ஓசூரிலோ ஆறு மாதமாகப் படுக்கையை விட்டு எழ முடியாத ஒரு பெண்ணின் போனாக இருந்தால் அதைவிடக் கொடுமை இல்லை. ஏக்கர்ஸ் செய்த முக்கியமான காரியத்தை அந்தச் செய்தி சொல்வதே இல்லை. 1991-இல் நடந்த முதல் பெண்கள் உலகக் கோப்பையில் 10 கோல் அடித்த முன்கள வீராங்கனை அவர். நோய் வந்தபின் நடுக்களத்துக்குப் பின்வாங்கி, பந்தை வாங்கி மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஆட்டக்காரராக மாறினார். உடம்பில் மிச்சமிருந்ததுக்கு ஏற்ற இடத்தைத் தேடிக்கொண்டார். பிரபலங்களின் கதையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது மனவுறுதியை அல்ல, வேலையை எப்படிக் குறைத்து, மாற்றி, பிரித்து வைத்தார்கள் என்பதைத்தான்.

லாரா ஹில்லன்பிராண்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1987-இல் கல்லூரி மாணவியாக இருந்தபோது திடீரென நோயில் விழுந்தவர். சீபிஸ்கட் என்ற பந்தயக் குதிரையின் வரலாற்றை 2001-இலும், இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் சிறைப்பட்ட ஓட்டப்பந்தய வீரர் லூயி சாம்பெரினியின் வரலாற்றை 2010-இலும் எழுதினார். இரண்டும் அமெரிக்காவில் விற்பனையில் கொடிகட்டிப் பறந்தவை. தலைசுற்றலால் நூலகத்து மைக்ரோஃபிலிமைப் பார்க்க முடியாது. அதனால் அந்தக் காலத்துப் பழைய செய்தித்தாள்களையே விலைக்கு வாங்கி மடியில் வைத்துப் படித்தார். சாம்பெரினியிடம் ஆண்டுக்கணக்கில் போனிலேயே பேட்டி எடுத்தார். எழுதும் காலத்தில் அவரை நேரில் பார்க்கவேயில்லை. ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு பத்திகூட எழுத முடியாத காலங்கள் இருந்தன.

ஆங்கில நாவலாசிரியர் சுசானா கிளார்க் 2004-இல் மிகப் பெரிய நாவல் ஒன்றை வெளியிட்டுவிட்டு நோயில் விழுந்தார். அடுத்த நாவல் 2020-இல்தான் வந்தது. முதல் நாவலின் தொடர்ச்சி பெரிய வேலை, உடம்பு தாங்காது என்று அதை ஒதுக்கி வைத்துவிட்டு, பாத்திரங்கள் குறைவான சிறிய நாவலைத் தேர்ந்தெடுத்தார். 2021-இல் பிரிட்டனின் பெண்களுக்கான புனைவுப் பரிசு அதற்குக் கிடைத்தது. ஜாஸ் பியானோ கலைஞர் கீத் ஜாரட் 1996-இல் மேடையை நிறுத்தினார். 1999-இல் வந்த அவருடைய இசைத்தட்டு வீட்டு ஸ்டுடியோவிலேயே பதிவானது, மெதுவான எளிய மெட்டுகள். ஜெனிஃபர் பிரியா ஹார்வர்டில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தவர். தன் நோயைப் பற்றிய 2017-ஆம் ஆண்டு ஆவணப்படத்தைப் பெரும்பாலும் கட்டிலில் படுத்தபடி, இணைய வீடியோ வழியாகவே இயக்கினார். பின்னாளில் கழுத்து, தண்டுவடம் சார்ந்த கோளாறு கண்டுபிடிக்கப்பட்டு, அறுவை சிகிச்சைக்குப் பிறகு நோய் விலகியதாக 2019-இல் அறிவித்தார். அவருக்கு இருந்தது தனிப்பட்ட கட்டமைப்புக் கோளாறு. அதைப் படித்துவிட்டு யாரும் கழுத்து ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரி தேடி அலைய வேண்டாம்.

கடுமையான நிலை எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமென்றால் விட்னி டேஃபோ. புகைப்படக் கலைஞர். பேச முடியாமல், குழாய் வழியே உணவு எடுத்து, வெளிச்சமும் சத்தமும் தாங்காமல் ஆண்டுக்கணக்கில் இருட்டறையில் கிடப்பவர். அவர் அப்பா ரொனால்ட் டேவிஸ், ஸ்டான்ஃபோர்டின் பெயர்பெற்ற மரபணு விஞ்ஞானி. மகனுக்காகத் தன் ஆய்வுக்கூடத்தையே இந்த நோயின் பக்கம் திருப்பினார். யூடியூபில் இயற்பியல் சொல்லித்தந்த டயானா கவர்னைத் தமிழ்ப் பிள்ளைகள் பலருக்குத் தெரியும். 2022-இல் கொரோனா வந்து போனபின் இதே நோயில் படுத்த படுக்கையானார்.

இந்தப் பட்டியலில் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலையும் சேர்க்கும் பழக்கம் உண்டு. அவருடைய பிறந்த நாளான மே 12-தான் இந்த நோயின் விழிப்புணர்வு நாள். ஆனால் கிரிமியாவிலிருந்து திரும்பி ஆண்டுக்கணக்கில் படுக்கையில் கிடந்த அவருக்கு வந்தது புருசெல்லோசிஸ் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். பச்சைப் பாலிலும், கன்று வீசிய மாட்டைக் கையாளும்போதும் தொற்றும் பாக்டீரியா நோய் அது. வீட்டுக்கு ஒரு கறவை மாடு நிற்கும் நம்ம இரண்டு மாவட்டங்களுக்கும் இது வெறும் வரலாற்றுத் தகவல் அல்ல. விட்டு விட்டு வரும் காய்ச்சல், ராத்திரி வியர்வை, இடுப்பு வலி, தீராத அசதி என்று வந்தால், வீட்டில் மாடு இருப்பதை மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். சுமார் ஆறு வாரம் ஆன்டிபயாடிக் மாத்திரைகளை விடாமல் சாப்பிட்டால் பெரும்பாலும் குணமாகும்.

சோர்வு நோய் என்ற முடிவுக்கு வரும் முன் கழித்துக்கட்ட வேண்டியவை இன்னும் இருக்கின்றன. ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்பு), டி.எஸ்.எச். (தைராய்டு), மூன்று மாதச் சர்க்கரை அளவு, கிரியேட்டினின் (சிறுநீரகம்), கல்லீரல், கால்சியம், பி12, வைட்டமின் டி, இ.எஸ்.ஆர். (உடம்பில் அழற்சி), எச்.ஐ.வி., மார்பு எக்ஸ்ரே. இவற்றில் பலவற்றை தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஃபெரிட்டினை மட்டும் கேட்டு எழுதி வாங்குங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இரும்புச் சேமிப்பு வற்றிப்போன பெண்கள் நிறைய. குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். சிக்குன்குனியா வந்து போன மூட்டுவலி மாதக்கணக்கில் நீடிப்பதும் உண்டு.

இதோடு நம்ம மண்ணுக்கே உரிய ஒன்று, ஃபுளோரைடு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாவிட்டால் 1.5 உச்ச வரம்பு. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை ஆண்டுக்கணக்கில் குடித்தவருக்குக் கழுத்தும் முதுகும் விறைத்துப்போய், உட்கார்ந்து எழ முடியாமல், கூடவே அசதியும் இருந்தால் முதலில் தண்ணீரைச் சோதியுங்கள். குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுக்கலாம். பல்லில் பழுப்புக் கறை ஒரு தடயம். ஆனால் சின்ன வயதில் வேறு ஊரில் வளர்ந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவர்களுக்குப் பல் சுத்தமாகவே இருக்கும், எலும்பு மட்டும் பாதிக்கப்பட்டிருக்கும். பல்லைப் பார்த்துவிட்டு இல்லை என்று விட்டுவிடக் கூடாது.

இவையெல்லாம் இல்லை என்றானபின் சோர்வு நோயைக் காட்டிக்கொடுப்பது முக்கியமாக ஓர் அடையாளம். உழைப்புக்குப் பின் வரும் சரிவு. இன்றைக்குச் செய்த வேலைக்கு இன்றைக்கே அலுப்பு வந்தால் அது சாதாரணம். இங்கே பெரும்பாலும் 12 முதல் 48 மணி நேரம் கழித்து அடிக்கும். தொண்டை வலி, காய்ச்சல் வரப்போகிற மாதிரி உடம்பு, வார்த்தை வாயில் வராமல் தடுமாறுவது, வெளிச்சம் குத்துவது என்று நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் போட்டுப் பார்க்கும். செவ்வாய்க்கிழமை துணி துவைத்ததுக்கும் வியாழக்கிழமை படுத்ததுக்கும் முடிச்சுப் போட யாருக்கும் தோன்றாது. அதனால்தான் வீட்டில் "நேத்து நல்லாத்தானே இருந்தா?" என்ற பேச்சு வருகிறது. இந்தச் சரிவு, வேலை பார்க்கும் திறன் பெரிய அளவில் விழுந்துபோனது, தூங்கி எழுந்தும் தெளிவில்லாத உடம்பு. இவற்றோடு மூளை மந்தமோ, எழுந்து நின்றால் வரும் படபடப்போ, இரண்டில் ஒன்று. அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ நிறுவனம் 2015-இல் வகுத்த அளவுகோல் ஏறக்குறைய இதுதான், ஆறு மாதம் நீடிக்க வேண்டும் என்கிறது அது. பிரிட்டனின் 2021 வழிகாட்டுதல் மூன்று மாதத்திலேயே நோயை உறுதி செய்யலாம் என்கிறது. எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. ஆறு மாதம் காத்திருக்கும் ஆள் அந்த ஆறு மாதமும் வேலை செய்தே கெட்டுப்போகிறார்.

"எந்திரிச்சி நாலு எட்டு நடந்தா சரியாப் போயிடும்." இதைச் சொல்லாத சொந்தக்காரர் கிடையாது. அவர்களைக் குறை சொல்லி என்ன செய்ய, மருத்துவ உலகமே நெடுங்காலம் அப்படித்தான் சொன்னது. 2011-இல் பிரிட்டனில் வெளிவந்த பேஸ் என்ற பெரிய ஆய்வு, படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டினால் தேறலாம் என்றது. அதன் அளவீடுகள் கடுமையான விமர்சனத்துக்கு ஆளாயின. 2021 அக்டோபரில் பிரிட்டன் அந்தச் சிகிச்சையைத் தன் வழிகாட்டுதலிலிருந்தே நீக்கியது. காரணத்தை ஒரு சோதனை நன்றாகக் காட்டுகிறது. ஒருவரை அடுத்தடுத்து இரண்டு நாள் சைக்கிள் மிதிக்கவிட்டு மூச்சுக்காற்றை அளக்கிறார்கள். உடற்பயிற்சியே இல்லாமல் உட்கார்ந்து பழகியவர்கூட இரண்டாம் நாளும் கிட்டத்தட்ட அதே அளவு மிதிப்பார். இந்த நோயாளிகளில் பலருக்கு முதல் நாளைவிடக் குறைந்த வேலையிலேயே தசை திணறத் தொடங்கிவிடுகிறது. 2025-இல் வந்த டிகோட்எம்இ ஆய்வில் 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் மரபணுவைப் பார்த்ததில், எட்டு இடங்களில் வேறுபாடு தென்பட்டது. நோயெதிர்ப்பு, நரம்பு மண்டலம் சார்ந்த மரபணுக்கள் அந்த இடங்களில் இருக்கின்றன. இது சோம்பல் என்று இனிமேலும் யாராவது சொன்னால் அது அறியாமை.

உடம்பிடம் கடன் வாங்கி வேலை செய்தால் கந்துவட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும். ஆகவே கடன் வாங்காமல் நாளை ஓட்டுவதுதான் இப்போதைக்கு இருக்கும் ஒரே நம்பகமான வழி. அதை வீட்டில் எப்படிச் செய்வது?

கொரோனா காலத்தில் வாங்கிய விரல் ஆக்சிமீட்டர் பரணில் கிடக்கும். அது நாடித்துடிப்பையும் காட்டும். பேட்டரி மாற்றி எடுத்து வையுங்கள். காலையில் கண் விழித்ததும், எழுந்து உட்காரும் முன்பே துடிப்பைப் பார்த்து எழுதுங்கள். ஏழு நாள் எழுதிச் சராசரி எடுங்கள். அதோடு 15 கூட்டினால் வருவது உங்கள் எல்லை. சராசரி 78 என்றால் 93. இதைத் தாண்டும் வேலை எதுவானாலும் நிறுத்தி, துடிப்பு பழைய நிலைக்கு இறங்கும்வரை படுக்க வேண்டும். மருதாணி விரலிலும் சில்லிட்ட விரலிலும் மெஷின் தடுமாறும், வேறு விரலில் வையுங்கள். கையை அசைக்கும்போது காட்டும் எண்ணை நம்பாதீர்கள். பிரஷருக்கோ படபடப்புக்கோ துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

முதல் இரண்டு வாரம் எதையும் மாற்றாமல் செய்த வேலை, நேரம், துடிப்பு, மறுநாளும் அதற்கடுத்த நாளும் உடம்பு இருந்த விதம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதினால், எந்த வேலை ஆளைக் கவிழ்க்கிறது என்று தெரியும். நம்ம பக்கம் அது பெரும்பாலும் களியாகத்தான் இருக்கும். ஒரு பங்கு கேழ்வரகு மாவுக்கு இரண்டு முதல் இரண்டரைப் பங்கு தண்ணீர், உப்புப் போட்டுக் கொதித்ததும் மாவைக் கொட்டி வேகவிடுவது வரை ஒன்றுமில்லை. அதன்பிறகு பானையை இறக்கிக் காலால் அணைத்துக்கொண்டு, குனிந்து, துடுப்பால் கட்டி இல்லாமல் கிண்டும் அந்த ஐந்து நிமிடம் இருக்கிறதே! தோள், முதுகு, தொடை மூன்றும் ஒருசேர இழுபடும், முகத்தில் அடுப்புச் சூடு, மூச்சை அடக்கிக்கொண்டு அழுத்த வேண்டும். துடிப்பு எல்லையைத் தாண்ட ஒரு நிமிடம் போதும். கிண்டும் வேலை வீட்டில் வேறொருவருடையது என்று ஆக வேண்டும், ஆண்பிள்ளை கிண்டினாலும் களி களிதான். ஆள் இல்லாத நாளில் களிக்குப் பதில் கூழ். முந்தின நாளே கரைத்து வைத்த மாவு, உட்கார்ந்தபடி கரண்டியால் கிளறினால் போதும். உப்பும் மோரும் கலந்து குடித்தால், எழுந்து நின்றால் படபடக்கும் ஆளுக்கு அதுவே நல்லது.

அந்தப் படபடப்பையும் வீட்டிலேயே அளக்கலாம். 10 நிமிடம் அசையாமல் படுத்திருந்து துடிப்பும் ரத்த அழுத்தமும் பாருங்கள். பிறகு எழுந்து, குதிகால் சுவரிலிருந்து அரை அடி தள்ளி இருக்கும்படி முதுகைச் சுவரில் சாய்த்து, பேசாமல் 10 நிமிடம் நில்லுங்கள். நிமிடத்துக்கு ஒரு முறை எழுதுவதற்கும், விழுந்தால் பிடிப்பதற்கும் பக்கத்தில் ஒருவர் கட்டாயம் வேண்டும். மயக்கம் வந்தால் அந்த நொடியே நிறுத்திவிடுங்கள். ரத்த அழுத்தம் பெரிதாக விழாமல், துடிப்பு மட்டும் படுத்திருந்தபோது இருந்ததைவிட 30-க்கு மேல் ஏறி அப்படியே நின்றால் மருத்துவரிடம் அந்தத் தாளைக் காட்டுங்கள். 12 முதல் 19 வயதுள்ளவர்களுக்கு அது 40. இதற்குத் தண்ணீரும் உப்பும் கூடுதலாக எடுப்பது, கால் இறுக்கும் ஸ்டாக்கிங்ஸ், சில மாத்திரைகள் என்று வழி இருக்கிறது. பிரஷர், இதயம், சிறுநீரகத் தொல்லை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உப்பில் கை வைக்க வேண்டாம்.

ஏக்கர்ஸுக்கு நரம்பில் திரவம் ஏற்றியதைப் படித்துவிட்டு, தெருமுனை கிளினிக்கில் குளுக்கோஸ் பாட்டில் போட்டுக்கொள்ளத் தோன்றும். ரத்தத்தின் அளவு கூடுவதால் சில மணி நேரம் தெம்பு வரும், உண்மைதான். அந்தத் தெம்பை நம்பி வேலை பார்த்தால் இரண்டாம் நாள் விழுவீர்கள். ஊசி போட்ட இடத்தில் தொற்றும் பண நஷ்டமும் தனி. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைக் கரைத்து நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பது பல பேருக்குப் போதுமானது. சர்க்கரை நோய் இருந்தால் அதையும் கேட்டுக்கொண்டு குடியுங்கள். என்ன மருந்து என்று பெயர் சொல்லாமல் போடும் 'சத்து ஊசி' எதையும் ஏற்காதீர்கள்.

ஒகேனக்கல் தண்ணீர் சில நாளுக்கு ஒரு முறைதான் வரும் தெருவாக இருந்தால், தண்ணீர் பிடிக்கும் நாளை வைத்தே வாரத்தை அமைக்க வேண்டும். அதற்கு முந்தின நாளும் மறுநாளும் வேறு பெரிய வேலை கூடாது. குடம் தூக்கும் வேலையை முற்றாக ஒழியுங்கள். குழாயிலிருந்து ஹோஸ் போட்டு டிரம்முக்கு விட்டுவிட்டு, குடிக்கவும் குளிக்கவும் சிறு செம்பால் மொள்ளும் உயரத்தில் டிரம்மை வைத்தால் குனிவதும் மிச்சம். குளியல் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, வெதுவெதுப்பான தண்ணீரில். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் ரத்தக்குழாய் விரிந்து தலை சுற்றும். தலைக்கு ஊற்றுவது தனி நாளில், அதுவும் வேறொருவர் கையால்.

ஓசூர், சூளகிரிப் பக்கம் ஷிஃப்ட் வேலைக்குப் போகிறவர்களின் பாடு வேறு. வாரம் ஒரு ஷிஃப்ட் என்று மாறுவதுதான் அவர்களை முதலில் சாய்க்கிறது. நிரந்தரப் பகல் ஷிஃப்டும், உட்கார்ந்து செய்யும் இடமும் கேட்டு மருத்துவர் கடிதத்தோடு எழுதிக் கொடுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் பட்டியலில் இந்த நோயின் பெயர் இல்லை, எனவே அடையாள அட்டையை நம்பித் திட்டமிட முடியாது. பேருந்தில் நின்றுகொண்டே பெங்களூருக்குத் தினம் போய்வருவது இந்த நோயோடு நடக்காத காரியம். வேலையை விடுவதா என்ற கேள்வியை, விழுந்தபின் யோசிக்காமல் முன்னாலேயே வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

ஹில்லன்பிராண்டுக்கும் பிரியாவுக்கும் டேஃபோவுக்கும் பின்னால் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் இருந்தார். கணவரோ, துணையோ, பெற்றோரோ. இந்த நோய் பெண்களுக்கே அதிகம் வருகிறது. நம்ம வீடுகளில் மற்றவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஆளே அந்தப் பெண்தான். மருமகளுக்கு வந்துவிட்டால் அவளைப் பார்த்துக்கொள்ள ஒருவரும் இல்லை என்று ஆகிவிடுகிறது. இது எனக்குத் தாங்க முடியாத விஷயம். வீட்டில் ஆண்கள் சமையல், தண்ணீர், பள்ளிக்குப் பிள்ளையை அனுப்புவது மூன்றில் இரண்டையாவது நிரந்தரமாக எடுத்துக்கொள்ளாவிட்டால் மேலே சொன்ன எந்தக் கணக்கும் வேலைக்கு ஆகாது.

2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. பிரஷர், சர்க்கரை மாத்திரையோடு பிசியோதெரபியும் வீட்டுக்கே வருகிறது. படுத்த படுக்கையாக இருப்பவருக்கு அது வரம். ஆனால் வரும் பிசியோதெரபிஸ்ட்டிடம் முதல் நாளே நோட்டைக் காட்டி, "செஞ்சு ரெண்டு நாள் கழிச்சு விழுந்துடறாங்க" என்று சொல்லிவிடுங்கள். மூட்டு விறைக்காமல் படுத்தபடியே மெல்ல மடக்கி நீட்டுவது போதும். எண்ணிக்கையை வாரா வாரம் கூட்டும் பயிற்சி வேண்டாம். கோயில் திருவிழாவுக்கு ஸ்பீக்கர் கட்டும்போது கம்பத்தை ஜன்னலுக்கு எதிரே கட்ட வேண்டாம் என்று ஊரில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். நாலு நாள் சத்தமே கடுமையான நோயாளியைச் சாப்பிட முடியாத நிலைக்குத் தள்ளிவிடும்.

மருத்துவமனைக்குப் போய்வருவதே பெரிய உழைப்பு. தேன்கனிக்கோட்டையிலிருந்தோ பென்னாகரத்திலிருந்தோ கிளம்பினால் காரின் பின் சீட்டில் படுத்து வரட்டும். கூட வருபவர் முதலில் போய்ச் சீட்டுப் போட்டு, முறை வரும்போது அழைத்துப்போகட்டும். மருத்துவரிடம் கொடுக்க ஒரே பக்கத் தாள்: நோய் தொடங்கிய மாதம், அதற்கு முன் வந்த காய்ச்சல், முன்பு செய்த வேலை, இப்போது செய்ய முடிவது, இரண்டு சரிவுகளின் தேதி, நின்று எடுத்த துடிப்புக் கணக்கு, சாப்பிடும் மாத்திரைகள். வாயால் சொல்லப் போனால் பாதியில் வார்த்தை நின்றுவிடும். போய்வந்த பின் இரண்டு நாள் காலியாக விடுங்கள். அந்த இரண்டு நாளுக்கான கூழ் மாவைக் கிளம்பும் முன்பே வேறு யாராவது கரைத்து வைத்திருக்க வேண்டும்.